தடைக்காலத்திலும் வள்ளம் போகும்: விடுமுறையில் எழுத்து நின்றுபோகாமலிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். 140 பக்கம் வரை வந்திருந்த நாவல் கைப்பிரதியை மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட ஆசிரியைக்கு வருடத்தில் ஒரே ஒரு நீண்ட விடுமுறை, 31 நாள். நாளைக்கு நாலு பக்கம் வைத்தாலும் நாவல் முடிந்துவிடும் என்று பேருந்திலேயே கணக்குப் போட்டாயிற்று. திரும்பி வந்தபோதும் அதே 140 பக்கம்தான். பையின் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஜூனில் பள்ளி திறந்து பழைய நேரமும் பழைய நாற்காலியும் திரும்பக் கிடைத்த பிறகும் ஆகஸ்ட் வரை ஒரு வரி ஓடவில்லை.

விடுமுறை என்றால் நேரம் கிடைக்கும் என்று நினைப்பதில்தான் கோளாறே இருக்கிறது. மதுரையில் நான் எழுதுவது காலை 5.10-லிருந்து 6 மணி வரை, பால் பாக்கெட் வரும் வரை. அந்த ஐம்பது நிமிடத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்தது என் மன உறுதி அல்ல. அலாரம், சமையலறை விளக்கு, கால் ஆடும் ஸ்டூல், ஆறு மணிக்கு வரும் பால்காரர் எல்லாம் சேர்ந்து என்னை உட்கார வைத்தன. அம்மா வீட்டில் இவை எதுவும் கிடையாது. பதினாறு மணி நேரம் சும்மா இருந்தேன், அதில் எழுத ஐந்து நிமிடம்கூட இல்லை.

வழி சொன்னது சித்தப்பா. சொன்னார் என்பதைவிட, திண்ணையில் உட்கார்ந்து அவர் பார்த்த வேலை சொன்னது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். என் கோடை விடுமுறை முழுக்க அதற்குள்ளேதான் வரும். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. போகாத படகு சும்மாவும் கிடக்காது. கரையேற்றி, பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். வலை வீட்டுக்கு வந்துவிடும். அதே நாட்களில் நாட்டுப்படகும் வள்ளமும் கரையை ஒட்டிப் போய் வந்துகொண்டுதான் இருக்கும், தடை அவற்றுக்கு இல்லை.

நாவலை விசைப்படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் அதைக் கரையேற்றிவிட வேண்டும். சின்னதாய் ஒரு வள்ளம் மட்டும் தினம் போய் வர வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான். அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் இப்படித்தான் செய்துவருகிறேன்.

முதல் படி: புறப்படுவதற்கு முந்தைய வாரம்

அத்தியாயத்தை முடித்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். முடித்த அத்தியாயம் சாத்திய கதவு மாதிரி, திரும்ப வந்து திறக்க ஒரு மாதம் பிடிக்கும். நடுவில் நிறுத்துங்கள், பேச்சு பாதியில் நிற்கட்டும்.

நிறுத்திய கையோடு ஒரே ஒரு தாளில் சீட்டு ஒன்று எழுதுங்கள். கதை எங்கே நிற்கிறது, அடுத்த காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், உங்களுக்கே இன்னும் விடை தெரியாத கேள்விகள் எவை, அடுத்த காட்சியின் முதல் வாக்கியம் என்ன. அவ்வளவுதான். என்னுடைய சீட்டு ஒன்று இப்படி இருந்தது: "தங்கச்சி உப்பளத்துக் கணக்குப்பிள்ளை முன்னால் நிற்கிறாள். சம்பளம் கேட்கத்தான் வந்தாள், ஆனால் அக்காவைப் பற்றித்தான் பேசப்போகிறாள். கணக்குப்பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியுமா? அக்கா ஏன் செருப்பை விட்டுவிட்டுப் போனாள்? அடுத்த வரி: கணக்குப்பிள்ளை பேனாவை மூடினார்."

கைப்பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பயமாக இருந்தால் ஒரு நகலை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். சீட்டு மட்டும் கூட வரட்டும். முழுக் கைப்பிரதி பைக்குள் இருந்தால் அது தினமும் "என்னை எப்போ எடுப்பே" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சிதான் எட்டு வரியைக்கூட எழுதவிடாமல் செய்கிறது.

இரண்டாம் படி: எட்டு வரி

நேரக் கணக்கு வேண்டாம், சொல் கணக்கும் வேண்டாம். சட்டைப்பை அளவு நோட்டில் எட்டு வரி. ஏன் எட்டு என்றால் என் நோட்டில் அது அரைப்பக்கம், வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தாலும் எழுத முடிகிற அளவாக இருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற நாளில் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஏழு பக்கம் எழுதியவர் அடுத்த மூன்று நாள் "அதான் அன்னைக்கே எழுதிட்டோமே" என்று இருந்துவிடுவார். நானே இருந்திருக்கிறேன்.

மூன்றாம் படி: வீட்டில் ஒரு பொந்து

கூட்டம் நிறைந்த வீட்டில் காலை நேரம் சரிப்படாது. காலையில் மீன் வரும், அதைக் கழுவ ஆள் வேண்டும், பிள்ளைகளுக்குத் தோசை வேண்டும். விடியற்காலையில் எழுந்தால் அம்மாவும் எழுந்து, "என்னத்தா, தூக்கம் வரலையா" என்று காப்பி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

கடற்கரை ஊர்களில் நல்ல நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று. மே மாத வெயிலில் மீன் குழம்பும் சோறும் தின்ற வீடு அப்படியே சாயும். நாய்கூட வள்ளத்து நிழலைத் தேடிப் படுத்துவிடும். அந்த ஒரு மணியில் பதினைந்து நிமிடம் போதும். மணியைப் பார்த்து உட்காராமல் ஒரு செயலோடு கட்டிப்போடுங்கள். எனக்கு அது சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது. கடைசிக் குண்டானைக் கவிழ்த்ததும் நோட்டை எடுப்பேன்.

யாராவது பார்த்துவிட்டால் கதை எழுதுகிறேன் என்று சொல்லாதீர்கள். முதல் வருடம் சொல்லிவிட்டு, "எங்களையெல்லாம் எழுதிராதே" என்று அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. இப்போது "ஒரு கணக்கு எழுத வேண்டியிருக்கு" என்கிறேன். கணக்கு என்றால் நம் வீடுகளில் தனி மரியாதை, குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான்காம் படி: அந்த எட்டு வரியில் என்ன எழுதுவது

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறோம். கடற்கரைக்குப் போனால் கடலை எழுதத் தோன்றும். என் முதல் விடுமுறை நோட்டின் முதல் பக்கத்தில் "கடல் இன்று அமைதியாக இருந்தது. மனதும் அப்படியே" என்றிருக்கிறது. இதிலிருந்து ஒரு கதையும் முளைக்காது.

அடுத்த வருட நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"காலை 6.40. பாம்பன் சின்னப்பாலம். பாசி எடுக்கப் போகிற பெண்கள் நாலு பேர். விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்கிறார்கள், பாறையில் கை கிழியாமலிருக்க. ஒருத்தி அடுத்தவளுக்குச் சுற்றிவிடுகிறாள். கட்டைவிரலை மட்டும் கடைசியில், பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு. அவள் பேசிக்கொண்டிருப்பது மகளின் பிளஸ் டூ மார்க்கைப் பற்றி. முடிச்சுப் போடும்போது மட்டும் பேச்சு நிற்கிறது."

இதில் உவமையும் கிடையாது, உணர்ச்சிச் சொல்லும் கிடையாது. ஆனால் அந்த நின்றுபோன பேச்சு எட்டு மாதம் கழித்து என் கதையில் வேறொரு பெண்ணின் வாயில் வந்து உட்கார்ந்தது. எட்டு வரியில் ஒரு நேரம், ஒரு இடம், கை செய்த ஒரு வேலை, காதில் விழுந்த ஒரு பேச்சு இருந்தால் அது வள்ளம் கொண்டுவந்த மீன்.

கண்ணைவிடக் காதை நம்புங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். கூறு போட்டு வைத்திருப்பதைப் பார்த்து ஒரு பாட்டி "இது நேத்துச் செத்த சூடை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் உட்கார்ந்து யோசித்தால் எழுத முடியாது. சூடை, காரல், நகரை, முரல், விளைமீன் என்று எழுதுங்கள், வெறும் 'மீன்' என்று எழுதாதீர்கள். காற்றும் அப்படித்தான். தெற்கேயிருந்து வந்தால் சோழகம், மேற்கே என்றால் கச்சான், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல். "காற்று வீசியது" என்று எழுதுகிறவர் வெளியூர்க்காரர். "கச்சான் ஏறிருச்சு" என்று ஒருவர் சொன்னால் அவர் நாளைக்குக் கடலுக்குப் போவாரா மாட்டாரா என்ற முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தனுஷ்கோடி பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வருகிற எல்லோரும் அங்கே போவார்கள், அந்த இடிந்த தேவாலயத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதுவார்கள். நான் மூன்று எழுதியிருக்கிறேன், மூன்றும் ஒரே கவிதை. 1964 டிசம்பர் 22-23 இரவில் புயல் அந்த ஊரையும் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. இடிந்த சுவர் அதற்கு மேல் எதையும் சொல்லாது. வீட்டிலேயே எழுபது தாண்டியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் "அந்த ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க" என்று கேளுங்கள். எங்கள் பெரியாத்தா அலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அடுப்பு மூட்ட வீட்டில் காய்ந்த விறகு ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் முழுக்க நனைந்த விறகு. நான் அன்றைக்கு எட்டு வரியைத் தாண்டினேன்.

ஐந்தாம் படி: இரண்டு கடல்

இந்தப் பக்கத்தில் ஒரே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்காரர்கள் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வருடம் முழுக்க அப்படியே இருக்காது. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை பிறந்தால் தலைகீழ்.

அதனால் விடுமுறைக்குப் போகும்போது இரண்டு சின்ன வேலைகளை எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று போதாது. ஒன்று குறிப்பு, அதாவது மேலே சொன்ன எட்டு வரி. இன்னொன்று முற்றிலும் கற்பனையாக, விளையாட்டாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இரவில் சொல்லும் கதையைத் தொடர்ச்சியாக எழுதலாம், ஒரு கதாபாத்திரம் எழுதிய கடிதங்களாக இருக்கலாம். கோயில் கொடை, கல்யாணம், உறவுச் சண்டை என்று தலை நிறைந்திருக்கும் நாளில் குறிப்பு எழுத வராது, ஏனென்றால் நீங்களே அதற்குள் இருப்பீர்கள். அன்றைக்கு இந்தப் பக்கம் படகை இறக்குங்கள்.

எதுவும் தோன்றாதவர்களுக்கு இந்த மண்ணிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. மண்டபத்துக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசையில் தவமிருந்த பாம்பன் சுவாமிகளின் சண்முக கவசம் 30 பாடல்கள் கொண்டது. உயிரெழுத்து 12, மெய்வரிசை 18, ஒவ்வொரு பாடலும் ஒரு எழுத்தில் தொடங்கும். பக்தி அவரோடு இருக்கட்டும், அந்தச் சட்டகத்தை எழுதுகிறவர் கடன் வாங்கலாம். கோடை விடுமுறைக்கு 30 நாள், நாளைக்கு ஒரு எழுத்து. அன்றைய எட்டு வரியின் முதல் எழுத்து அதுவாக இருக்க வேண்டும். ண, ழ, ள, ற, ன வரும் நாட்களில் மாட்டிக்கொள்வீர்கள், அவற்றில் தமிழ்ச்சொல் தொடங்காது. சுவாமிகள் சமாளித்துவிட்டார். நான் எனக்கே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன், எழுத்து சொல்லின் நடுவில் வந்தால் போதும் என்று. கண்ணி, சோழகம், வள்ளம், கூறு, மீன். சலுகையிலேயே ஐந்து நாள் ஓடிற்று.

வழியில்

பயணத்தில் எழுதுவது எனக்கு வராது, தலை சுற்றும். ஆனால் ரயிலில் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் பெட்டியே எழுந்து கதவோரம் கைபேசியைத் தூக்கும். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பாலம், 1914-இல் வந்த பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டியது. அந்த வீடியோ ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. நீங்கள் பெட்டிக்குள் திரும்பிப் பாருங்கள். யார் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார், யார் கும்பிடுகிறார், யார் காசு எறிகிறார்.

நோட்டும் பேனாவும்

உப்புக்காற்று சும்மா விடாது. ஜெல் பேனா ஈரத்தாளில் பரவும், பத்து ரூபாய் பால்பாயின்ட் போதும். நோட்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். மடிக்கணினியை எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால் ஜன்னலோரம் திறந்து வைக்காமல் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். என்னுடையதில் 'ர' விசை ஒரு மே மாதத்தோடு போயிற்று, இன்றைக்கும் இரண்டு முறை அழுத்த வேண்டும்.

விட்டுப்போன நாள்

விடும், கட்டாயம் விடும். துக்கவீடு வரும், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வீடே கிளம்பும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் பதினாறு வரி எழுதாதீர்கள். அது நாங்கள் வகுப்பில் கொடுக்கிற இம்போசிஷன் புத்தி. தேதியைப் போட்டு, பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதினால் போதும். "துக்கம்." "கிரைண்டர்." "சண்டை." என் நோட்டில் இப்படி ஒற்றைச் சொல்லோடு நிற்கும் பக்கங்கள்தான் பிறகு படிக்கும்போது அதிகம் பேசுகின்றன. மூன்று நாள் தொடர்ந்து விட்டால் மட்டும் நான்காம் நாள் எழுத்தை எட்டிலிருந்து நான்கு வரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: திரும்ப வந்த பிறகு

என் ஆகஸ்ட் வரையிலான வறட்சிக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. சித்தப்பாவின் திண்ணைக்கு மறுபடி போக வேண்டும்.

கிழிந்த வலையைப் பொத்துவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் வலை ஊசியை எடுத்ததும் ஓட்டையை அடைக்கத் தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் எடுத்தது கத்தி. கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஓரத்தில் தொங்கும் அறுந்த நூலையெல்லாம் நறுக்கினார். நறுக்க நறுக்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று. "என்ன சித்தப்பா, இன்னும் பெருசாக்குறீங்க?" என்றேன். "அறுந்த கண்ணியில முடிச்சுப் போட்டா நிக்காது. முழுக் கண்ணி எங்க கிடைக்குதோ அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார். பிறகுதான் ஊசி உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு கையைப் பார்க்கவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே கண்ணி கண்ணியாகப் போட்டுக்கொண்டு போனார்.

விடுமுறை முடிந்து கைப்பிரதியைத் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முயலாதீர்கள். விட்ட இடத்தின் ஓரம் பிய்ந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதிய கடைசி ஒன்றிரண்டு பத்திகளில் குரல் தளர்ந்திருக்கும். முதல் நாள் எதுவும் எழுத வேண்டாம், கடைசி பத்துப் பக்கத்தைப் பென்சிலோடு படியுங்கள். எந்த வாக்கியம் இழுத்தால் நிற்கிறதோ அதுவரை பின்னால் போங்கள். அதற்குக் கீழே உள்ளதை அடித்துவிடுங்கள், அரைப்பக்கம் போனாலும் போகட்டும். இரண்டாம் நாள் சீட்டை எடுங்கள். அதில் உள்ள முதல் வாக்கியத்தை அந்த நல்ல வாக்கியத்துக்குக் கீழே கையால் எழுதுங்கள், பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். போன வருடம் "கணக்குப்பிள்ளை பேனாவை மூடினார்" என்பதை எழுதிய நொடியில் அது தப்பு என்று தெரிந்தது. அவர் மூடமாட்டார், அவர் மை தொட்டு எழுதுகிற ஆள். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன், அந்த மாற்றத்திலேயே இரண்டு பக்கம் ஓடிவிட்டது.

முதல் வாரம் முழுக்க எட்டு வரிதான். பள்ளியும் அலுவலகமும் திறக்கும் வாரத்தில் யாருக்கும் உடம்பில் தெம்பு இருக்காது. பழைய அளவுக்கு இரண்டாவது வாரத்தில் போனால் போதும்.

விடுமுறை நோட்டைத் தட்டச்சு செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பத்து நாளுக்குள் முடியுங்கள். குறிப்பு எழுதும்போது எல்லாம் நினைவிருக்கும் என்ற தைரியத்தில் மொட்டையாக எழுதியிருப்போம். என் போன மே மாத நோட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தை அக்டோபரில்தான் திறந்தேன். பெரிய எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு, "மதினி - நண்டு - வேண்டவே வேண்டாம்!!" என்று இருக்கிறது. ஏதோ பிரமாதமான கதை. மதினிக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதுனது நீ, என்கிட்ட கேட்டா?" என்றார்.